மூடிய கடைக்கு முன்னால் நின்றவர்

கழுகு தன் துப்பறியும் அலுவலகத்தை நாலாவது மாடியில் வைத்திருந்ததற்கு வாடகை மட்டும் காரணமில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம் அது. கட்டிய புருஷனைப் பற்றிப் புகார் சொல்லக் கிளம்பி வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாடியிலேயே மனம் மாறிப் புருஷனை மன்னித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். மீதிப் பேர் மேலே வந்து சேரும்போது பேச்சு வராது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கரையில் விழுந்த மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். அந்த இடைவெளியில் கழுகு மேஜையிலிருந்து காலை இறக்கி, செய்தித்தாளை ஒளித்துவைத்து, வந்தவரின் செருப்பு, நகம், கைப்பை எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டு, "பஸ்ல நின்னுகிட்டே வந்திருக்கீங்க" என்று ஒரே போடாகப் போடுவார். வந்தவர் வாயடைத்துப் போவார். தொழிலே அந்த மூச்சிரைப்பை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அதில் மண் விழுந்தது.

படியில் காலடி கேட்டதும் கழுகு சாவகாசமாகக் கொட்டாவியை ஆரம்பித்தார். கொட்டாவி பாதி வழியில் இருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. வாசலில் நரைத்த கொண்டை போட்ட ஒரு அம்மாள். இரைக்கவில்லை, வியர்க்கவில்லை. வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"துப்பறியறவர் யாரு? இந்தக் காலுக்குச் சொந்தக்காரரா?"

"ஆமாங்க, கால் வேலையில இருக்கு. தலை இன்னும் வரல" என்றாள் சரவெடி, தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து.

சரவெடி, கழுகின் மனைவிக்குக் கூடப் பிறந்த தங்கை. டெலிபோன் இலாகாவில் ஊரார் பேச்சையெல்லாம் காது வலிக்கக் கேட்டுவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறுநாள் தன் பேச்சை ஆரம்பித்தாள். இன்னும் மூச்சு விட நிறுத்தவில்லை. அக்கா புருஷனுக்கு உதவியாளராக வந்தது அவள் கழுகுக்குச் செய்த உபகாரமா, அக்கா தனக்குத்தானே செய்துகொண்ட உபகாரமா என்பது கழுகால் இன்றுவரை துப்பறிய முடியாத ஒரே கேஸ்.

வந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷனைச் சொன்னதும் கழுகுக்கே ஆளைத் தெரிந்தது. காலை நடைச் சங்கத்தின் தலைவர். ஆரோக்கியத்தைப் பற்றி எந்த மண்டபத்தில் கூட்டம் நடந்தாலும் மைக்கை அவரிடமிருந்து பிடுங்குவதற்கென்றே தனியாக ஒரு ஆள் போடவேண்டியிருக்கும்.

"தினம் சாயங்காலம் தனியா நடக்கப் போறாரு. கூட வரேன்னா வேண்டாங்கறாரு. நேத்து எதிர்வீட்டுக்காரம்மா வந்து சொல்றா, கடைத்தெருவுல சென்ட் கடை கண்ணாடிக்கு முன்னால நின்னு உள்ளயே பாத்துகிட்டு இருக்காராம். உள்ள ஒரு பொண்ணு விக்கிறா. பாக்க லட்சணமா இருப்பாளாம்."

"எவ்வளவு லட்சணம்?" என்றாள் சரவெடி.

"நான் போய்ப் பார்த்துட்டேன். எனக்கே ஒரு பாட்டில் வாங்கணும்போல ஆயிடுச்சு."

சொல்லும்போதே டீச்சரம்மாவின் கை நடுங்கியது. கைப்பை மடியிலிருந்து நழுவியது. நாலு மாடி ஏறி வராத வியர்வை, உட்கார்ந்த பிறகு நெற்றியில் முத்துமுத்தாகக் கிளம்பியது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. சரவெடி பேச்சை நிறுத்தினாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிந்துகொள்ளலாம். தனக்காகக் கலந்து வைத்திருந்த டீயை எடுத்து வாயில் புகட்டினாள். அது டீ என்று பெயர் வாங்கிய பாகு. சரவெடியின் டம்ளரில் எறும்பு விழுந்தால் முங்காது, மேலேயே நடந்து போகும்.

அரை டம்ளர் உள்ளே போனதும் டீச்சரம்மா கண்ணைத் திறந்தார். முழு டம்ளர் போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் உதட்டை நக்கிப் பார்த்துப் பதறினார்.

"ஐயையோ, சர்க்கரை போட்டிருந்ததா? எனக்கு ஆகாதும்மா. எனக்குச் சர்க்கரை வியாதி. ரத்தத்துல என்னமோ அழற்சி வேற இருக்காம். சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு எகிறிக் கிடக்காம். காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கும்னு டாக்டர் பயமுறுத்தறாரு."

"மாத்திரை சாப்பிடறீங்களா?" என்றார் கழுகு.

"வேளை தவறாம. வாய்க்கு ருசியா எதையும் தொடறதில்ல. ஆனாலும் ஒவ்வொரு டெஸ்ட்லயும் ஏறித்தான் இருக்கு. திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடறேன்னு டாக்டர் என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. மாத்திரையை இன்னும் கூட்டிட்டாரு. அப்புறம்தான் இந்த நடுக்கம். நேத்து குளியலறையில விழப் பாத்தேன். இவரோ சங்கத்துல என்னை உதாரணம் காட்டியே பேசறாரு. 'கட்டுப்பாடு இல்லாட்டி என் வீட்டம்மா மாதிரி ஆயிடுவீங்க'ன்னு."

"அவருக்குச் சர்க்கரை?"

"அவருக்கா? அவர் ரிப்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்கத்துல மாட்டியிருக்காங்க. அப்படி ஒரு ரத்தமாம்."

டீச்சரம்மா இறங்கிப் போனார். வந்த வேகத்தில்தான் போனார்.

சரவெடி காலி டம்ளரைப் பார்த்தாள். "மாமா, சர்க்கரை வியாதிக்காரங்களுக்குச் சர்க்கரை குடுத்து உயிரை வரவழைச்ச முதல் ஆள் நான்தான்னு நினைக்கறேன். பேப்பர்ல போடுவாங்களா?"

 கழுகின் மூக்கு லேசாகத் துடித்தது. சரவெடிக்குத் தெரியும், அது ஒன்று துப்பு, இல்லாவிட்டால் தும்மல்.

தும்மினார்.

*

மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவில் தலைவரின் பின்னால் இருவரும் நடந்தார்கள். தலைவர் பார்க்க மனிதர் மாதிரி இருக்கமாட்டார், விளம்பரப் பலகை மாதிரி இருப்பார். வெள்ளை டி-ஷர்ட், முதுகில் சங்கத்தின் பெயர், கழுத்தில் விசில், கணுக்காலுக்கு மேல் இழுத்துவிட்ட கெட்டி வெள்ளைக் காலுறை, பளபளக்கும் ஷூ. ஆரம்பத்தில் நெஞ்சை நிமிர்த்தி வீசி நடந்தார். தபால் பெட்டி தாண்டியதும் வீச்சு குறைந்தது. சென்ட் கடை வந்ததும் பிரேக் போட்டமாதிரி நின்றார்.

கண்ணாடிக்கு உள்ளே அந்தப் பெண் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார்.

"கேஸ் முடிஞ்சுது. டீச்சரம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லிக்குங்க" என்றாள் சரவெடி.

"பொறு."

கொஞ்ச நேரத்தில் தலைவர் மறுபடி நெஞ்சை நிமிர்த்திக் கிளம்பினார். முன்பு நடந்த அளவு தூரமே நடந்திருப்பார், மறுபடி வீச்சு குறைந்தது, மறுபடி நின்றார். இந்தத் தடவை குளியலறைச் சாமான் கடை. கண்ணாடிக்கு உள்ளே வரிசையாகக் கழிப்பறைக் கோப்பைகள். தலைவர் ஒரு வெளிர் நீலக் கோப்பையைப் பார்த்தார். அதே பார்வை. இமைக்காத பார்வை. அந்தப் பெண்ணைப் பார்த்ததற்கும் இதற்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது.

"மாமா, இந்த ஆளு ரசனை ரொம்ப விசாலம்."

"அவர் எதையும் பாக்கல. பாக்கறமாதிரி நிக்கறாரு. வலது கையைக் கவனி."

தலைவரின் வலது கை ஷூ லேஸைச் சரிசெய்கிற சாக்கில் கீழே போய்க் கெண்டைக்காலைப் பிசைந்தது. பிசைந்து முடித்ததும் நிமிர்ந்து மறுபடி வெற்றி நடை.

அதற்கு மறுநாள் சென்ட் கடைக்கு வார விடுமுறை. ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. தலைவர் தபால் பெட்டியைத் தாண்டினார், வீச்சு குறைந்தது, கடைக்கு முன்னால் நின்றார். தகரத்தைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். ஷட்டரில் யாரோ ஒட்டியிருந்த மூட்டைப்பூச்சி மருந்து விளம்பரத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தார்.

கழுகு சரவெடியின் காதருகில் குனிந்தார். "காதலிக்கறவன் கடை லீவுன்னா வீட்டுக்குப் போவான், இல்ல அவ வீட்டுக்குப் போவான். தகரத்தைப் பாத்துகிட்டு நிக்கமாட்டான். இந்த மனுஷனுக்கு நடந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்குது. நின்னா விட்டுடுது. காலுக்குப் போற குழாய் சுருங்கிட்டா அப்படித்தான். தசை ரத்தம் கேக்கும், வந்து சேராது. தெருவுல சும்மா நின்னா எல்லாரும் என்னன்னு கேப்பாங்க, கடைக்கு முன்னால நின்னா யாரும் கேக்கமாட்டாங்க. அதான் தனியா நடக்கறாரு."

"அப்ப காலையில சங்கத்தோட நடக்கறப்ப?"

"இன்னிக்குக் காலையில போய்ப் பாத்தேன். அவர் நடக்கறதே இல்லியே. விசில் ஊதி மத்தவங்களை அனுப்பிட்டு பெஞ்சுல உக்காந்துக்கறாரு. தலைவர் இல்லியா."

சரவெடி யோசித்தாள். அவள் யோசிப்பது அபூர்வம் என்பதால் கழுகு காத்திருந்தார்.

"இடிக்குதே மாமா. குழாய் அடைப்பு, சர்க்கரை, அழற்சி எல்லாம் அந்த அம்மாவுக்குத்தானே? அவங்க நம்ம நாலு மாடியைத் தாவி ஏறினாங்க. தங்க ரத்தம் ஓடற இவரு மூணு கடை தாண்ட முடியாம தகரத்தைப் படிக்கறாரு."

கழுகின் மூக்கு துடித்தது. இந்தத் தடவை தும்மல் வரவில்லை.

*

சங்கக் கட்டடத்தில் காலை நடைக்கான ஏற்பாடாக முப்பது நாற்காலிகளும் ஒரு சோபாவும் இருந்தன. சுவரில் தலைவரின் ரத்தம் மாட்டியிருந்தது. அதாவது, அதன் அளவுகள். சர்க்கரைக்கு ஒரு கோடு, சி.ஆர்.பி.க்கு ஒரு கோடு, வண்ணம் தீட்டி, ஓரத்தில் பூக்கொடி வரைந்து. அன்றாடம் உறுப்பினர்கள் அதன் முன் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உட்காரப் போவார்கள். நாளைக்குச் சாயங்காலம் அங்கே பெரிய விழா. தலைவருக்கு "அழற்சி வென்றவர்" என்று பட்டம் கொடுக்கப்போகிறார்கள். செயலாளர் மேடைக்கு ஜரிகைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்.

கழுகு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். தரையோடு தரையாக ஊர்ந்து போன சி.ஆர்.பி. கோடு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கோபுரமாக எழும்பி, அடுத்த தடவைக்குள் மறுபடி தரையில் விழுந்திருந்தது.

"இங்க என்ன ஆச்சு?"

"அது மழைக்காலத்துல, தேர்தல் சமயம்" என்றார் செயலாளர். "தலைவரை எதிர்த்து ஒருத்தர் நின்னுட்டாரு. அந்த மனவருத்தம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னு தலைவரே விளக்கம் குடுத்தாரு. நாங்க எல்லாரும் அழுதுட்டோம். எதிர்த்து நின்னவரும் அழுதாரு. வாபஸ் வாங்கிட்டாரு."

வெளியே வந்ததும் சரவெடி டீச்சரம்மாவுக்குப் போன் போட்டாள். மழைக்காலத்தில், சங்கத் தேர்தல் சமயத்தில், ரத்தம் எடுத்த அன்றைக்குத் தலைவருக்கு உடம்பில் ஏதாவது கோளாறு இருந்ததா?

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருந்தாரு. நான்தான் செத்துப் பிழைச்சேன். கடைவாய்ப் பல்லுல சீழ் கோத்து ஒரு பக்கக் கன்னம் பந்து மாதிரி வீங்கிடுச்சு. தேர்தல் முடிஞ்சப்புறம்தான் பல்லைப் பிடுங்கினாங்க."

போனை வைத்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சி.ஆர்.பி.ங்கறது புகை மாதிரி" என்றார் கழுகு மெதுவாக. "வீட்டுல எங்கயோ நெருப்புன்னு சொல்லும். எந்த அறையிலன்னு சொல்லாது. குழாய்ல அழற்சி இருந்தாலும் ஏறும், பல்லுல சீழ் இருந்தாலும் ஏறும். ஆனா ஒருத்தர் வாயில நெருப்புப் பிடிச்சா இன்னொருத்தர் ரத்தத்துல புகை வராது."

"ரொம்ப அன்னியோன்னியமான தம்பதியா இருந்தா?"

"அந்த அம்மாவுக்குப் பல் வலின்னு அவருக்குத் தெரியவே தெரிஞ்சிருக்காது."

"அப்ப சுவத்துல மாட்டியிருக்கறது அந்த அம்மா ரத்தம்." சரவெடியின் குரலில் வேடிக்கை வற்றியது. "இவரோட சாக்கடையை அவங்க பேருல எழுதி, இவரோட மாத்திரையை அவங்க முழுங்கி, இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, இருக்கிற சர்க்கரையும் இறங்கி அந்த அம்மா சுருண்டு விழறாங்க. அதான் என் டீயில எழுந்தாங்க. மாமா, இது சும்மா பொய் இல்ல. கொலை."

"ரெண்டு கொலை. இவர் காலுக்கு மருந்தே போகல."

அடுத்த ரத்தப் பரிசோதனை மறுநாள் காலையில், தலைவரின் வீட்டிலேயே. விழாவுக்குப் புது ரிப்போர்ட் வேண்டுமல்லவா? லேப்காரருக்கு லஞ்சம் கொடுத்து, ரத்தம் பிடிக்கிற குழாயை மாற்றுகிற கையைக் கையோடு பிடித்துவிடுவது என்று கழுகு முடிவு செய்தார். அவருடைய வாழ்நாளில் இவ்வளவு தெளிவான குற்றவாளி அமைந்ததே இல்லை. அன்றிரவு சந்தோஷத்தில் குறட்டையே மெட்டோடு வந்ததாக மனைவி பிறகு தங்கையிடம் புகார் செய்தாள்.

*

தண்ணீர் வடிகட்டி ரிப்பேர்க்காரர்களாக இருவரும் போனார்கள். கழுகுக்கு நீலச் சட்டை தொப்புளோடு நின்றுவிட்டது. சரவெடி கையில் ஒரு திருப்புளியும் ஒரு வாளியும். டீச்சரம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லவில்லை, கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சமையலறையிலிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது.

லேப்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். மீசை வைத்த, நடுவயசு ஆள். மனிதர் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஒரு தெருவுக்கே ரத்தம் எடுத்துவிட்டுப் பால்காரருக்கு முன்னால் வீடு திரும்புகிறவர் என்று பேர்.

"பேரு ஒட்டிடறேங்க. முதல்ல யாரு?"

"இதென்ன கேள்வி?" என்றார் தலைவர், நாற்காலியில் நிமிர்ந்து. "குடும்பத் தலைவர் பேருதான் முதல்ல. அப்புறம் அவ. எப்பவும் அதானே முறை."

லேப்காரர் முதல் குழாயில் தலைவர் பெயரை ஒட்டினார். இரண்டாவதில் டீச்சரம்மா பெயர். இரண்டையும் வரிசையாகத் தாங்கியில் நிறுத்தினார். ஊசியின் உறையைக் கழற்றினார்.

ஊசி வெளியே தெரிந்ததும் தலைவரின் முகத்திலிருந்து குடும்பத் தலைவர் இறங்கிப் போய்விட்டார். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

"இரு இரு. எனக்குக் கொஞ்சம் பாத்ரூம் போகணும். முதல்ல அவளைக் கவனி. ஏம்மா, நீ முதல்ல குடு."

போனவர் உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் முழு வேகத்தில் விழுந்தது. லேப்காரர் டீச்சரம்மாவின் கையில் பட்டையைக் கட்டினார், குத்தினார், தாங்கியிலிருந்து கைக்கு முதலில் வந்த குழாயை உருவி நிரப்பினார். தாங்கியில் வைத்தார். "சார், வாங்க." தலைவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்து, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கையை நீட்டினார். மீதியிருந்த குழாய் நிரம்பியது.

யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை.

கழுகு திருப்புளியைக் கீழே போட்டார். அவருடைய தெளிவான குற்றவாளி, கண்ணெதிரே ஆவியாகிப் போயிருந்தார்.

"மாமா" என்று கிசுகிசுத்தாள் சரவெடி. "பேரு எழுதறப்ப இவர் முதல்ல. ஊசின்னா அவங்க முதல்ல. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதான்."

கழுகு கூடத்துக்குப் போனார். ரிப்பேர்க்காரர் என்ற பாவனையை வாசலிலேயே விட்டுவிட்டு, தான் யார் என்று சொன்னார். தாங்கியைக் காட்டினார். எது யாருடைய கையிலிருந்து வந்தது, எதில் யார் பெயர் இருக்கிறது என்று லேப்காரரையே உரக்கப் படிக்கச் சொன்னார். லேப்காரர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

டீச்சரம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர், கூட்டிப் பார்க்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

"அப்ப எனக்குச் சர்க்கரை இல்ல."

"இருக்கமுடியாதுன்னு நினைக்கறேம்மா. டாக்டர் பாத்து உறுதி செய்யணும். இனிமே அந்த மாத்திரையை அவரைக் கேக்காம தொடாதீங்க."

"இதெல்லாம் அபாண்டம்" என்றார் தலைவர். "எனக்கு ஒண்ணுமில்ல. சாயங்காலம் விழா இருக்கு. கெண்டைக்கால் வெறும் சுளுக்கு. நம்ம டாக்டரே ரிப்போர்ட்டைப் பாத்துட்டுச் சொன்னாரு."

"காலைப் பாத்தாரா?" என்றார் கழுகு.

"ரிப்போர்ட் இருக்கறப்ப காலை எதுக்குப் பாக்கணும்?"

"காலுறையைக் கழட்டுங்க."

"மாட்டேன். வீட்டுக்குள்ளயும் நான் காலுறை போட்டுக்கறது சங்கத்தோட கொள்கை."

சரவெடி வாளியோடு அந்தப் பக்கமாக வந்தாள். எதில் தடுக்கினாள் என்று யாருக்கும் தெரியவில்லை, தரை வழவழவென்று மொசைக். வாளித் தண்ணீர் முழுவதும் தலைவரின் வலது காலில் கவிழ்ந்தது. "அடடா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே, மனிதர் சுதாரிப்பதற்குள் சொட்டச் சொட்ட நனைந்த காலுறையை உருவிவிட்டாள்.

 குளியலறையில் தலைவர் மூடாமல் வந்த குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கணுக்காலுக்குக் கீழே தோல் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது. சுண்டு விரலின் பக்கத்தில் ஷூ உரசிய புண் ஒன்று. ஓரம் கருநீலம், நடுவில் கறுப்பு. பார்த்தாலே எத்தனையோ நாளாக இருப்பது தெரிந்தது.

"வலிக்கலியா?" என்றாள் சரவெடி. அவள் இவ்வளவு சின்ன வாக்கியம் பேசி கழுகு கேட்டதில்லை.

தலைவர் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பதுபோல் தன் காலைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியே. இது எப்ப வந்தது?"

சர்க்கரை, வலி சொல்கிற நரம்பை மரத்துப்போகச் செய்திருந்தது. அடைத்த குழாய், ஆற்றுகிற ரத்தத்தை நிறுத்தியிருந்தது. கழுகு இதைச் சொல்லி, இப்போதே கிளம்பினால் கால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் எவ்வளவு தூரம் வெட்டுவார்கள் என்று யாராலும் சொல்லமுடியாது என்றார்.

தலைவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். "விழா முடியட்டும். ஊரே வருது. நாளைக்குக் காலையில முதல் வேலையா வரேன். இது என் காலு. எப்பக் காட்டணும்னு எனக்குத் தெரியும்."

டீச்சரம்மா எழுந்தார்.

"உங்க காலா? எந்த ரிப்போர்ட்டுல போட்டிருக்கு உங்க காலுன்னு? அடைப்பு யாருக்கு? எனக்கு. அழற்சி யாருக்கு? எனக்கு. சர்க்கரை யாருக்கு? எனக்கு. இத்தனை மாசமா மாத்திரை முழுங்கினது நான். ஊரறியத் திட்டு வாங்கினது நான். அந்தக் காலு என் பேருலதான் இருக்கு. என் காலை நான் எங்க வேணா கூட்டிட்டுப் போவேன். நீங்க வேணும்னா விழாவுக்குப் போங்க. காலை வச்சிட்டுப் போங்க."

தலைவர் வாயைத் திறந்தார். மைக் பிடுங்கப்பட்டபோதெல்லாம் பேசிக்கொண்டே இருந்த வாய் அது. அதை மூடிக்கொண்டு நாற்காலியின் கைகளை விட்டார்.

லேப்காரர் ஓடிப்போய் டாக்ஸியை நிறுத்தினார்.

*

ரத்தக்குழாய் டாக்டர் ஒரு சின்ன உருவப் பெண்மணி. ரிப்போர்ட் கட்டை நீட்டியபோது வாங்கி, திறக்காமலே மேஜையில் வைத்தார். நேராகக் காலிடம் போனார். இரண்டு கணுக்காலிலும் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, தோலில் பசை தடவி இடது பாதத்தில் வைத்தார். பெட்டியிலிருந்து சத்தம் வந்தது. ரத்தம் ஓடுகிற சத்தம். துணி துவைக்கிற மாதிரி ஒரு சீரான அடி.

வலது பாதத்துக்கு மாற்றினார். பெட்டியில் இரைச்சல் மட்டும். கொஞ்சம் தள்ளி வைத்தார். இரைச்சல். இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

எத்தனையோ கதவுகளில் காதை வைத்துப் பிழைத்த கழுகு, தன்னையறியாமல் முன்னால் குனிந்தார். டீச்சரம்மாவின் கை தலைவரின் தோளில் இருந்தது. எப்போது வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

எங்கோ தூரத்துக் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் சத்தம் கேட்டது. மெல்ல. விட்டுவிட்டு. மறுபடி.

"போகுது" என்றார் டாக்டர். "ரொம்பக் கம்மியா, ஆனா போகுது. இன்னிக்கே குழாயைத் திறந்துடறேன். கால் நிக்கும். அந்தச் சுண்டு விரல் நுனிக்கு மட்டும் நான் வாக்குக் குடுக்கமாட்டேன். அம்மா, நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. குழாய்ல பேரை அப்புறம் எழுதிக்கலாம்."

 ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தபோது தலைவர் கையைத் தானே நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டுதான் நீட்டினார். ஆனாலும் நீட்டினார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. சங்கச் செயலாளர். மேடை தயாராம், மாலை வந்துவிட்டதாம், தலைவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். தலைவர் போனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், போனை அவரிடமே நீட்டினார்.

"தலைவர் வரமாட்டாரு" என்றார் டீச்சரம்மா. "ஆஸ்பத்திரியில இருக்காரு. கால்ல ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. சர்க்கரையும் அவருக்குத்தான். ஆமா, அவருக்குத்தான். சுவத்துல மாட்டியிருக்கறது என் ரத்தம். நடந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும், நின்னா விட்டுடும். அதை மறைச்சு மறைச்சுத்தான் இங்க கொண்டு வந்து விட்டிருக்கு."

 மறுமுனையில் ஜரிகைத் துணி காற்றில் படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செயலாளர் குரலைத் தாழ்த்தி, அந்தரங்கமாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, அது எந்த டாக்டர்?"

"ஏன்?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ரொம்ப நாளா. தலைவருக்கு இல்லாதது எனக்கு இருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு..."

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். "எனக்கும் சேர்த்துக் கேளு." அதற்கும் பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ காலுறையைக் கழற்றச் சொல்லி யாரையோ அதட்டினார்கள்.

டீச்சரம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினார்.

"டாக்டர், ஒரு பஸ் நிறைய ஆள் வந்தா பாப்பீங்களா?"